சுத்தமான பூஜ்யம்

“டீச்சர், உங்க வகுப்புப் பிள்ளைங்க நல்லா வாசிக்கிறாங்களாமே, நெஜமா?” என்று கேட்டார் தலைமையாசிரியர். வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறதாமே என்று விசாரிக்கிற குரல்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அந்தக் குரலைக் கவனிக்கவில்லை. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷர் இதைக் கேட்கிறாரே என்ற சந்தோஷம் அவளுக்கு.

“முப்பது பேர்ல பத்துப் பேர் தங்குதடை இல்லாம வாசிப்பாங்க சார். இன்னும் ஒரு பத்து எழுத்துக்கூட்டிப் படிச்சிரும். மிச்சம் பத்தோடதான் மாரடிச்சிட்டு இருக்கேன்.”

“போச்சு” என்று அவர் மேஜைமேல் கவிழ்ந்தார். “இது வெளியில யாருக்காவது தெரியுமா?”

“எது சார்?”

“வாசிக்கிறது.”

விஷயம் இதுதான். ‘விரல்நுனி விடியல்’ என்று ஒரு திட்டம் வந்திருந்தது. பின்தங்கிய பள்ளிக்கூடங்களுக்கு டேப் என்கிற கைக்கணினி கொடுத்து, தொட்டுத் தொட்டே பிள்ளைகளை அறிவாளி ஆக்கும் திட்டம். பணம் போடுவது எங்கேயோ தூர தேசத்துப் புண்ணியவான்கள். பின்தங்கிய பள்ளி எது என்று கண்டுபிடிக்க முதலில் ஒரு பரீட்சை. அதன் பெயர் தொடக்க நிலைத் தேர்வு. வகுப்புச் சராசரி நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் அந்தப் பள்ளிக்கு டேப் கிடையாது.

டேப் கிடைக்காவிட்டால் போகட்டும் என்றுதான் டீச்சரும் சொல்லியிருப்பாள். ஆனால் சுற்றறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. டேப் பயன்படுத்தும் வகுப்பறை ஒழுகக் கூடாது. ஒழுகினால் திட்டமே கூரை மாற்றிக் கொடுக்கும்.

அந்த வரியில்தான் அவள் மாட்டினாள். மூன்றாம் வகுப்புக் கூரை பதினோரு இடத்தில் ஒழுகும். மழை வந்தால் முப்பது பிள்ளைகளும் வாளி இல்லாத மூலையாகப் பார்த்து ஒண்டிக்கொண்டு, ஒருத்தர் முதுகில் ஒருத்தர் நோட்டை வைத்து எழுதுவார்கள். போன மழைக்கு ஒரு மரச்சட்டம் இற்று, கரும்பலகைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து விழுந்தது. கல்வி அலுவலகத்துக்கு எழுதிய மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

மறுநாளே திட்ட ஒருங்கிணைப்பாளர் வந்தார். வயது இருபத்தேழு இருக்கும். கழுத்தில் வரிசையாக மூன்று அடையாள அட்டை தொங்கியதால் பிள்ளைகள் அவருக்கு உடனே ‘அட்டைக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்தவர் காலணியைக்கூடக் கழற்றாமல் கூரையை அண்ணாந்து பார்த்து, “அருமை! இந்த மாதிரி ஒழுகற இடம்தான் புகைப்படத்துல நல்லா விழும்” என்றார்.

“அப்ப கூரை போட்டுக் குடுத்துடலாமே சார்?”

“குடுக்கலாம் டீச்சர். ஆனா உங்க பிள்ளைங்க வாசிக்கிறாங்களாமே.” அவர் குரல் தாழ்ந்தது. “நான் மறைக்காம சொல்றேன். நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க இருட்டா இருக்கணும். பட்டப்பகல்ல விளக்கை ஏத்தி வெச்சா எவனுக்குத் தெரியும்? பணம் போட்டவங்களுக்கு வளர்ச்சி காட்டணும். மேல போகணும்னா முதல்ல கீழ இருக்கணும் இல்லையா? இது வெறும் அறிவியல்.”

“அப்ப வாசிக்கத் தெரியாத பள்ளிக்கூடத்துக்குக் குடுங்களேன். பக்கத்துத் தெருவிலயே ஒண்ணு இருக்கு.”

“போனோம் டீச்சர், போகாம இருப்போமா? ஒரு பிள்ளைக்கும் எழுத்து தெரியாது. பாவம். நாலு விடையில ஒண்ணைத் தொடற பரீட்சை இது. குருட்டாம்போக்குல தொட்டாலே கால்வாசி சரியாயிடுது. அதுங்க இருபத்தஞ்சு வாங்கிடுச்சு. தகுதி போச்சு.” அட்டைக்காரர் நிஜமாகவே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பத்துக்குக் கீழ வாங்கணும்னா சரியான விடை எதுன்னு தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சு அதைத் தொடாம இருக்கணும். அதுக்கு உங்களை மாதிரி நல்ல டீச்சர் வேணும்.”

டீச்சர் கூரையைப் பார்த்தாள். பதினோரு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

“மூணு மாசம் கழிச்சு முடிவு நிலைத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. அதுல உண்மையா எழுதட்டும். எல்லாம் சரியாயிடும்” என்றார் தலைமையாசிரியர். “கூரை டீச்சர். கூரையை நெனச்சுக்குங்க.”

அவள் கூரையை நினைத்தாள்.

பதினைந்து நாள் பாடம் நடந்தது. கரும்பலகையில் ஒரு கேள்வி, நான்கு விடை. முதலில் சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை விட்டுவிட்டு மற்ற மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரே கும்மாளம். சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டால், “வாளியில டீச்சர்!” என்று கத்தினார்கள். அப்படி ஒரு விடையே பலகையில் இல்லை.

ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒட்டடைக் குச்சியாக இருப்பாள். வயது எட்டு முடிந்து ஒன்பது. பாடப்புத்தகத்தை ஒரே மாதத்தில் முடித்துவிட்டு, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் பிரித்து வாசிக்கிற ரகம். சிறுத்தாலும் காரம் குறையாதவள் என்பதால் பெயர் கடுகு.

“டீச்சர், தெரிஞ்சே தப்பாத் தொட்டா அது பொய்தானே?”

“பரீட்சைக்கு மட்டும்தான்டா கண்ணு.”

“பரீட்சையில பொய் சொல்லலாமா?”

“நம்ம கூரைக்காக.”

“கூரைக்குன்னா சொல்லலாமா?”

“கடுகு, வாயை மூடிட்டுத் தொடு.”

கடுகு தொட்டாள். ‘பசு’ என்று எழுதிய இடத்தைத் தாண்டி ‘பெட்டி’யைத் தொட்டபோது கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அதற்கு அப்புறம் அவள் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிற பிள்ளை.

தேர்வு நாளன்று டேப்புகள் இரும்புப் பெட்டியில் வந்தன. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அட்டைக்காரரிடம், இன்னொரு சாவி ஓட்டுநரிடம். ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் இருப்பதற்கு ‘வெளிப்படைத்தன்மை’ என்று பெயர் என்று அட்டைக்காரர் விளக்கினார். திறந்ததும் நாடா வெட்டிப் புகைப்படம் எடுத்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, வெட்டுகிற மாதிரி ஒரு தடவை, வெட்டி முடித்த நாடாவை மறுபடி முடிச்சுப் போட்டு இன்னொரு கோணத்தில் ஒரு தடவை.

பரீட்சை முடிந்த அரை மணி நேரத்தில் முடிவு திரையில் வந்துவிட்டது. நாற்பது கேள்விக்கு வகுப்புச் சராசரி இரண்டு. நன்றாக வாசிக்கிற பத்துப் பேருக்கும் பூஜ்யம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று இடத்தில் ஏமாந்து சரியாகத் தொட்டிருந்தார்கள். எழுத்து தெரியாத மிச்சம் ஒன்பது பேர் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்து அதையே தொட்டிருந்ததால் அவர்களுக்கும் அதே கணக்கு. வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பதினொன்று. எடுத்தவன் பெயர் தூங்குமூஞ்சி. பதினைந்து நாள் பயிற்சியிலும் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கியவன். பரீட்சையிலும் பாதித் தூக்கத்தில் விரல் பட்ட இடத்தையெல்லாம் தொட்டிருந்தான்.

அட்டைக்காரர் கடுகின் திரையைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனையோ ஊர் பார்த்துட்டேன் டீச்சர். இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை நான் பார்த்ததே இல்ல.”

கடுகு தலைகுனிந்து நின்றாள். அவர் அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்து, “உன்னை மாதிரி பிள்ளைங்களுக்காகத்தாம்மா இந்தத் திட்டமே” என்றார்.

இரண்டே வாரத்தில் கூரை வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல கூரை. திட்டத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பொருள் அதுதான். கூரை முடிந்த மறுநாள் கடிதமும் வந்தது. பூஜ்யம் எடுத்த பத்துப் பேரும் ‘எழுத்தறிவுக்கு முந்தைய பிரிவு’ என்று கணினி தரம் பிரித்திருக்கிறது. அவர்களை உடனே முதலாம் வகுப்புக்கு மாற்றி, டேப்பில் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் நிலையை முடிக்கும் பிள்ளை தானாக மேலே ஏறும். தூங்குமூஞ்சிக்குத் தனியாக ஒரு சான்றிதழ். ‘மறைந்திருந்த மேதை’ என்று அச்சடித்திருந்தது. அதை அவனாலும் வாசிக்க முடியவில்லை, அவன் அப்பாவாலும் வாசிக்க முடியவில்லை. கடுகுதான் வாசித்துக் காட்டினாள்.

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு முழங்கால் உயரம். கடுகு அதில் காலை மடக்கி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் மூக்கு ஒழுகும் ஐந்து வயதுப் பிள்ளைகள். டேப்பைத் திறந்தால் ஒரு கிளி வந்து ‘அ’ காட்டும். தொட்டால் கிளி கைதட்டும். மறுபடி ‘அ’ காட்டும். ஒரு எழுத்தை ஏழு நாள் தொட்டால்தான் அடுத்த எழுத்து திறக்கும். ஏழு நாள் பழகினால்தான் மூளையில் பதியும் என்று ஒரு நிபுணர் கண்டுபிடித்திருந்தார். எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. மூளையை வைத்து இருக்காது.

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, எழுத்துக்கு ஏழு நாள். வருஷத்துக்கு இருநூறு நாள் பள்ளிக்கூடம் நடந்தாலும் எட்டரை வருஷத்துக்கு மேல்.

“கடைசி எழுத்து வர்றதுக்குள்ள அதுக்குக் கல்யாண வயசு வந்துடும் சார்” என்றாள் தலைமையாசிரியரிடம்.

“மேல எழுதிப் போட்டிருக்கேன்” என்றார் அவர். அவர் எழுதிப் போடவில்லை. கூரை வந்த பிறகு அவருக்கு மேலே பார்க்கவே பயம்.

அன்று சாயங்காலம் கடுகின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவள். சேலை முழுக்க வெள்ளையும் நீலமுமாக நூல் துணுக்கு ஒட்டியிருந்தது.

“டீச்சர், என் பொண்ணு என்ன தப்பு பண்ணினா?”

“ஒரு தப்பும் பண்ணலம்மா.”

“பின்ன எதுக்கு ஒண்ணாப்புல உக்கார வெச்சிருக்கீங்க? எனக்கு வர்ற கடுதாசி எல்லாம் அவதான் படிச்சுச் சொல்றா. கம்பெனிக்காரன் ரசீதுல என்ன எழுதியிருக்கான்னு அவதான் பார்க்கறா. அவளுக்கு ‘அ’ தெரியாதுன்னா எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க? எள்ளு எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? உங்க கூரைக்கு என் பிள்ளை ஏன் காயணும்?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. கூரைக் கதை வீடு வரைக்கும் போயிருந்தது.

“ஒரு வாரம் பொறுங்க. நான் அவளைத் திரும்ப மூணாப்புக்குக் கொண்டுவர்றேன். இது என் பொறுப்பு.”

“ஒரு வாரம்” என்றாள் அம்மா. “அதுக்கு மேல அவளை அங்க உக்கார விடமாட்டேன். அவ ராத்திரி சோறே திங்கறதில்ல.”

மறுநாள் டீச்சர் கடுகைக் கையோடு கூட்டிக்கொண்டு திட்ட இயக்குநர் அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. மின்தூக்கி ‘கல்வியாளர்களுக்கு மட்டும்’ என்பதால் இவர்கள் படியேறினார்கள். அறைச் சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் பள்ளிக்கூடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. இவர்களுடைய பள்ளி பச்சையாக மினுக்கியது.

இயக்குநர் அம்மா அன்பானவர். கடுகுக்கு மிட்டாய் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டார்.

“அவளுக்கு வாசிக்கத் தெரியுங்கம்மா. வேணும்னா பாருங்க.” டீச்சர் மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கடுகு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மளமளவென்று வாசித்தாள். “பொருள்: அதிகாரிகளின் ஓய்வறைக்குக் குளிர்சாதனம் பொருத்துதல் தொடர்பாக. பார்வையில் காணும் கடிதத்தின்படி, மாணவர் மேம்பாட்டு நிதியிலிருந்து...”

“போதும் போதும், ரொம்ப நல்லா வாசிக்கிற” என்று இயக்குநர் அம்மா காகிதத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “இந்தக் குழந்தைக்கு வாசிக்கத் தெரியுதுன்னு எனக்குத் தெரியுது. உங்களுக்கும் தெரியுது. கணினிக்குத் தெரியலையே டீச்சர்? நான் யாரு? சாதாரண மனுஷி. என் காது கேட்டதை நான் எந்தக் கட்டத்துல ஏத்தறது? முன்காலத்துல ஒரு ஆசிரியர், ‘இந்தப் பிள்ளை படிக்கும்’னு சொன்னா எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. எவ்வளவு அறியாமை பாருங்க! அதை ஒழிக்கத்தான் நாங்க இவ்வளவு பாடுபடறோம். குழந்தைகளைப் பார்த்துக் குழந்தைகளைப் பத்தி முடிவு எடுக்கக் கூடாது. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வெச்சதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது.”

“முடிவு நிலைத் தேர்வு வருதே, அதுலயாவது...”

“அது மூணாம் வகுப்புக்கு மட்டும். இவ இப்ப ஒண்ணாம் வகுப்பு இல்லையா?”

“அப்ப வழியே இல்லையாம்மா?”

“ஒரே வழிதான். தொடக்க நிலைத் தேர்வு பொய்னு யாராவது எழுத்து மூலமா ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா அவங்க வேலை போகும். கூரையைப் பிரிச்சு எடுத்துட்டு வந்துடுவோம். அப்படி யாரு எழுதுவாங்க?” என்று சிரித்தார்.

டீச்சர் அங்கேயே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். பிள்ளைகளுக்குத் தப்பாகத் தொடச் சொல்லிக் கொடுத்தது நான்தான். பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தேன். பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. தண்டனை எனக்குத் தரவும். வேலை போனால் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் கணவனுக்கு மருந்து ஏது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பக்கத்தில் கடுகு எட்டிப் பார்த்து, “டீச்சர், ‘பயிற்சி’யில ஒரு புள்ளி விட்டுட்டீங்க” என்றாள். அதையும் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று பேர் குழு ஒன்று விசாரணைக்கு வந்தது. ஒரு தலைவர், ஒரு உறுப்பினர், குறிப்பெடுக்க அட்டைக்காரர்.

“வேணும்னே பூஜ்யம் வாங்க வெச்சீங்கன்னு சொல்றீங்க” என்றார் தலைவர். “நாற்பதுல பூஜ்யம் வாங்கணும்னா நாற்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். சரியா?”

“ஆமாங்க. தெரியும்.”

“எப்படித் தெரியும்? இந்தப் பிள்ளைங்களோட சராசரி நாற்பதுக்கு ரெண்டு. எங்க பதிவேட்டுலயே இருக்கு. ரெண்டு மார்க் வாங்கற வகுப்புக்கு நாற்பது விடை எப்படித் தெரியும்?”

“ஐயா, அந்த ரெண்டே பொய்ங்கறேன்.”

“பொய்னு நிரூபிக்க அதுங்களுக்கு விடை தெரிஞ்சிருக்கணும். தெரியாதுன்னுதான் பதிவேடு சொல்லுதே.”

“கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்களேன்! சுவருக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்காங்க!”

“உணர்ச்சிவசப்படாதீங்க” என்றார் உறுப்பினர். அதுவரை அவர் பேசியிருக்கவில்லை. அதற்கு அப்புறமும் பேசவில்லை.

தீர்ப்பு அன்றே வந்தது. ஆசிரியை கூறும் குற்றம் நடக்க வாய்ப்பே இல்லை. அந்த அளவுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் திறமை அவருக்கு இருந்திருந்தால் மாணவர்கள் பூஜ்யம் எடுத்திருக்க மாட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படுகிறார். தன்னைப் பற்றி உயர்வாக எண்ணிக்கொள்ளும் போக்குக்காக எச்சரிக்கப்படுகிறார்.

“தப்பிச்சீங்க டீச்சர்!” என்று தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையில் வியர்வை பிசுபிசுத்தது. அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாம் தடவையும் கழுவினாள்.

அம்மா சொன்ன ஒரு வாரம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. திங்கள்கிழமை ஒன்றாம் வகுப்பில் கடுகு இல்லை. அந்தப் பத்துப் பேரில் இன்னும் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் இருபது பிள்ளைகளோடு, ஒழுகாத கூரைக்குக் கீழே, தாராளமான இடத்தில் பாடம் நடத்தினாள். தூங்குமூஞ்சி இப்போது மேதை என்பதால் அவனை எழுப்பக் கூடாது என்று உத்தரவு.

புதன்கிழமை அட்டைக்காரர் போன் பண்ணினார். மூச்சு வாங்கியது.

“டீச்சர்! திரையைப் பார்த்தீங்களா? உங்க வகுப்புச் சராசரி ரெண்டுல இருந்து மூணு ஆயிடுச்சு! ஐம்பது சதவீத வளர்ச்சி! இன்னும் முடிவு நிலைத் தேர்வே வைக்கல!”

அவள் மனசுக்குள் கூட்டி வகுத்தாள். பத்துப் பூஜ்யம் வெளியே போயிருந்தது. மொத்தம் அதேதான்; வகுக்கிற தலை குறைந்திருந்தது.

“சார், நல்லா வாசிக்கிற பத்துப் பிள்ளைங்களை வெளிய தள்ளினதுதான் அந்த வளர்ச்சி.”

“அதேதான் டீச்சர்! இப்படி ஒரு வழி இருக்குன்னு இதுவரைக்கும் எங்களுக்கே தோணல. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதை அனுப்பப் போறோம். வெள்ளிக்கிழமை விழா. தூர தேசத்துல இருந்து ஆட்கள் வர்றாங்க. நீங்க மேடையில கேடயம் வாங்கணும். சேலை பளிச்சுனு வேணாம், கொஞ்சம் பழசா, ஏழ்மையா இருந்தா நல்லது.”

வெள்ளிக்கிழமை மேடையில் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் ஓடிப்போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் டீச்சர் கடுகு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரே அறை. அறை நிறைய வெள்ளைச் சட்டை. சுவரோரம் அம்மா உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, கால் நீட்டி, மடியில் சட்டையும் கையில் குட்டிக் கத்தரியுமாகக் கடுகு.

“வாங்க டீச்சர்” என்றாள் அம்மா. எழுந்திருக்கவில்லை.

“அவளை அனுப்புங்கம்மா. நான் தினம் சாயங்காலம் இங்கேயே வந்து சொல்லித் தர்றேன். எந்த வகுப்புல உக்கார வெச்சா என்ன, பாடம் நான் சொல்லித் தர்றேன்.”

“எப்படிச் சொல்லித் தருவீங்க?” அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “சரியாவா, தப்பாவா?”

கடுகு கடைசி நூலை வெட்டி, சட்டையை உதறி, மடித்து டீச்சரிடம் நீட்டினாள்.

“பாருங்க டீச்சர். இங்க சரியாப் பண்ணினா யாரும் திட்டறதில்ல.”

டீச்சர் சட்டையை வாங்கினாள். நோட்டுத் திருத்துகிற பழக்கத்தில் கழுத்து, கை, பொத்தான் பட்டி என்று வரிசையாகப் பார்த்தாள். உட்புறத்தைத் திருப்பியும் பார்த்தாள். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.